உடைந்தால் வாரண்டி உண்டு, ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் கிடையாது

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்காரரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இந்த மதர்போர்டில் இந்த புரோசசர் ஓடுமா? “கேன் பாஸ், கேன்.” இந்தக் கேசிங்குக்குள் இந்த கிராபிக்ஸ் கார்டு போகுமா? “கேன் பாஸ்.” பவர் சப்ளை தாங்குமா? “போலே, நோ ப்ராப்ளம்.” மலாயில் ‘முடியும்’ என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் தட்டுகிற விரலுக்கு என்ன, வலிக்கவா போகிறது? பெட்டிகள் எல்லாம் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்து சேர்ந்து, பிரித்து மாட்டும்போதுதான் வண்டவாளம் தெரிகிறது.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணில் ஓடித் தேய்ந்துபோன பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் ஷூ வேண்டுமென்று போய் நில்லுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை முதலாளி, அதாவது தவுக்கே, என்ன மாடல் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சரியான பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மாட்டும். அவ்வளவுதான் விஷயம். என் தம்பி சிங்கப்பூரில் ஷிப்டு வேலை பார்த்துச் சேர்த்த காசில் 12,000 மலேசிய வெள்ளிக்கு கேமிங் கம்ப்யூட்டர் சாமான் வாங்கினோமே, அதற்கு அந்த உத்தரவாதம் கிடையாதாம். “இந்தக் காசுக்கு வீட்டுக் கூரையையே மாத்தியிருக்கலாம்டா” என்கிறார் அம்மா. என்ன பதில் சொல்வது?

முதலில் புரோசசர் கதை. தம்பி கேட்டது ரைசன் 7 9800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் வந்தது. போர்டில் அது உட்காரும் இடமான ஏஎம்5 சாக்கெட் 2022-இலேயே வந்துவிட்டது. சாக்கெட் ஒன்றுதான், ஊசி எண்ணிக்கை ஒன்றுதான், உட்காரவும் உட்காரும். ஆனால் போர்டு குடோனில் நாள்கணக்கில் தூங்கிய பழைய சரக்காக இருந்தால், அதன் பயாஸுக்கு, அதாவது போர்டைத் துவக்கி வைக்கும் உள் மென்பொருளுக்கு, இப்படி ஒரு புரோசசர் பிறந்த சேதியே தெரியாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பு. சரி, பயாஸைப் புதுப்பிக்கலாம் என்றால் அதற்குக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் பழைய தலைமுறை புரோசசர் ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்க வேண்டும். பென்டிரைவைச் செருகி அந்தப் பட்டனை அழுத்தினால் புரோசசர் இல்லாமலேயே வேலை முடிந்துவிடும்.

அந்தப் பட்டன் உள்ள போர்டுதானா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டேன். “கேன் பாஸ்” என்று பதிலும் வந்தது. வந்த போர்டில் பட்டன் இல்லை.

திருப்பி அனுப்புகிறேன் என்றால், “போர்டு கெட்டுப்போகல பாஸ், நல்லாத்தானே இருக்கு?” என்கிறார்கள். இங்கேதான் எனக்குத் தலைக்கேறியது. சாமான் உடைந்திருந்தால் வாரண்டி உண்டு. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையா, அது யாருடைய தப்பும் இல்லை! போர்டு செய்தவர் புரோசசரைக் கை காட்டுவார், புரோசசர் விற்றவர் போர்டைக் கை காட்டுவார், கடைக்காரர் “பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே” என்று நம்மையே கை காட்டுவார். பிரிக்காமல் எப்படி ஐயா பார்ப்பது? கோலாலம்பூரில் இருப்பவன் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு எல்ஆர்டி ரயில் ஏறிப் போய்ச் சண்டை போடலாம். நான் எல்லாவற்றையும் காடியில் ஏற்றி ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், லேபர் சார்ஜ் கொடுத்து, அவர்கள் பழைய புரோசசர் ஒன்றைப் போட்டு பயாஸ் ஏற்றும்வரை காத்துக் கிடந்தேன். உண்மையான வேலை பத்து நிமிடம். அதை அனுப்புவதற்கு முன்பே செய்து தொலைத்திருக்கலாமே! கடல் தாண்டி இருக்கும் சபா, சரவாக் நண்பர்கள் பாட்டை நினைத்தாலே பாவமாக இருக்கிறது.

அடுத்தது ரேம். கேட்டது 32 ஜிபி இரண்டு. அனுப்பியது 16 ஜிபி நான்கு. “டோட்டல் 64தானே, சேம் சேம் பாஸ்.” சேம் இல்லை பாஸ். டிடிஆர்5 ரேமை நான்கு குச்சியாகச் செருகினால் இந்த ரைசனுக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600தான். இரண்டே குச்சி என்றால் 5600. பெட்டியில் கொட்டை எழுத்தில் 6000 என்று போட்டிருக்கிறதே என்கிறீர்களா? அது ஓவர்கிளாக் வேகம், உறுதி சொன்ன அளவுக்கு மேல் முடுக்கி ஓட்டுவது, ஓடினால் அதிர்ஷ்டம். நான்கையும் போட்டு 6000-இல் வைத்தால் விளையாட்டு நடுவில் நீலத்திரை காட்டிக் கம்ப்யூட்டர் நின்றுவிடும். இன்டெல் பக்கம் போனால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். எல்ஜிஏ1700 என்ற சாக்கெட் உள்ள இன்டெல் போர்டுகளில் பழைய டிடிஆர்4 ரேமுக்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று, பெயர் கிட்டத்தட்ட அதேதான். சிலவற்றில் கடைசியில் ஒரு “டி4” ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வித்தியாசம். அந்தச் சாக்கெட்டையும் 2024-இல் மாற்றிவிட்டார்கள்.

பவர் கேபிள் விஷயத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு 360 வாட் இழுக்கும். 16 ஊசி உள்ள ஒரே கேபிள் வழியாக மின்சாரம் போகிறது. இதே வகைக் கேபிளின் முந்தைய வடிவம் 2022-இல் 4090 கார்டுகளில் உருகியது உலகத்துக்கே தெரிந்த சேதி. அப்படிப்பட்ட இடத்தில், “கேபிள் அழகா இல்லன்னா வேற பிராண்டு கேபிள் ஃப்ரீயா தரேன், எல்லாம் ஒண்ணுதான்” என்கிறார் ஒரு மனிதர். ஒன்று இல்லை! பவர் சப்ளையில் செருகும் பக்கத்துக்குப் பொதுவான தரமே கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் ஊசிகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கும். மாற்றிச் செருகினால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய் ஹார்ட் டிஸ்க்கும் போகும், போர்டும் போகும். இதைச் சொன்னால் சிரிக்கிற எமோஜி அனுப்புகிறார்.

“மேனுவலைப் படிக்கலையா?” என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. படித்தேன் சாமி, ஆர்டர் போடுவதற்கு முன்பே இறக்கிப் படித்தேன். இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியை எங்கே செருகினால் கிராபிக்ஸ் கார்டுக்கு டேட்டா போகும் பாதைகள் 16-இலிருந்து 8 ஆகக் குறையும் என்பதைச் சில போர்டுகளின் மேனுவலில் எறும்பு எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் மேல் டிராகன் படம் போட இடம் இருக்கிறது, உள்ளே எந்த பயாஸ் பதிப்பு என்று ஒரு வரி அச்சடிக்க இடம் இல்லையா?

கடைசியில் கேசிங். விளம்பரத்தில் “கார்டு நீளம் 400 மில்லிமீட்டர் வரை.” எங்கள் கார்டு 357. தாராளமாகப் போகும் என்று தோன்றுகிறதல்லவா? முன்பக்கம் எதுவும் மாட்டாமல் வெறும் கூட்டை அளந்த கணக்கு அது. அதே விளம்பரத்தில் முன்பக்கம் தண்ணீர் கூலர் வைக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தக் கூலரின் ரேடியேட்டர் 27, விசிறி 25, மொத்தம் 52 போனால் மிச்சம் 348. ஒன்பது மில்லிமீட்டர் இடிக்கிறது. இரண்டு வசதியும் உண்மைதான், ஒன்றாக மட்டும் இருக்காது. சரி, ரேடியேட்டரை மேலே ஏற்றலாம் என்று பார்த்தால் அங்கே விசிறி ரேமின் தலையில் முட்டுகிறது. ரேம் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று அதன் பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்று போட்டிருக்கிறார்கள்.