அரசியல் எழுதப் போகிறீர்களா? உங்கள் வார்டில் இருந்து ஆரம்பியுங்கள்

பிறந்தநாள் வாழ்த்தும் கோபுர தரிசனமும் போட்டுக்கொண்டிருந்த பலர் இப்போது முகநூலில் அரசியல் எழுத வருகிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் அவர்களில் நிறையப் பேர் சில மாதங்களில் ஓய்ந்துபோகிறார்கள். டெல்லியையும் கோட்டையையும் பற்றி எல்லோரும் சொன்னதையே இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொல்கிறார்கள். வசவு வருகிறது, திருப்பி வைகிறார்கள், அலுத்துவிடுகிறது.

உங்கள் வார்டு, உங்கள் ஊராட்சி பற்றி எழுத உங்களை விட்டால் ஆள் கிடையாது. பிரதமரைத் திட்டினால் பிரதமர் படிக்கப் போவதில்லை. தெருவில் போட்ட சிமெண்ட் ரோடு மூன்றாவது மாதமே பெயர்ந்ததை எழுதினால் கவுன்சிலர், உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரர் மூவரும் அன்றே படிப்பார்கள். அழுத்தமும் அங்கிருந்துதான் வரும், அதனால் கையில் காகிதம் வேண்டும்.

காகிதம் வாங்கும் வழி தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, ஒப்புகையோடு அஞ்சல், அவ்வளவுதான். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. பெரும்பாலான மனுக்கள் கேள்வியில்தான் தோற்கின்றன. "ஏன் தரமில்லாமல் ரோடு போட்டீர்கள்?" என்று கேட்டால், விளக்கம் தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில், அந்த வேலைக்கான பக்கங்கள், பில் தொகை கொடுத்த தேதி. எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். அதோடு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனால் பதிவு தானாகவே எழுதிக்கொள்ளும்.

இனி வாக்கியம். "கவுன்சிலர் காசடித்துவிட்டார்" என்று எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். "எம்-புக்கில் கனம் 15 சென்டிமீட்டர் என்று இருக்கிறது, பெயர்ந்த இடத்தில் அளந்தால் 9 இருக்கிறது, மீதி 6 எங்கே என்று பொறியாளர் சொல்ல வேண்டும்" என்று எழுதினால் சுமை அவர் தலைக்கு மாறும். முதல் வாக்கியத்தைவிட இதில்தான் கோபமும் அதிகம். முதல் வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், குத்தலாகச் சொன்னாலும் அவதூறு அவதூறுதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். ஆகவே அதிகாரியின் குடும்பம், சாதி, சொந்த வாழ்க்கை எதையும் தொடாதீர்கள்.

நமக்குச் சாதகமான பெரிய தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கிலேயே வந்தது. நக்கீரன் பத்திரிகை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அதிகாரி கூட, தன் அலுவல் பற்றிய விமர்சனத்துக்காகக் கேட்க வேண்டுமானால், உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும். நியாயமான அளவு சரிபார்த்துவிட்டு எழுதியவருக்கு அது கேடயம். கிரிமினல் அவதூறுக்கு இந்தக் கேடயம் அப்படியே பொருந்தாது. தகவல் உரிமை மனுவையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள் என்பது நஷ்ட ஈட்டு வழக்கு, கிரிமினல் வழக்கு இரண்டுக்காகவும்தான்.

புதிதாக எழுதுகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் சொந்த எழுத்தில் அல்ல, அடுத்தவன் எழுத்தைப் பகிர்வதில். பெண் பத்திரிகையாளர்களை இழிவு செய்த பதிவை 2018இல் பகிர்ந்த எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்தேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஃபார்வர்டு செய்வது அந்தச் செய்தியை ஏற்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் உறுதியும் ஆனது. கடைசி வரி வரை படிக்காத எதையும் பகிராதீர்கள். நீக்கினாலும் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், திருத்தினாலும் முன்பு எழுதியதை "திருத்த வரலாறு" காட்டும். தவறு நேர்ந்தால் அதே பதிவின் தலையிலேயே "இந்த எண் தவறு, சரியானது இது" என்று தேதியோடு எழுதிவிடுங்கள். அதனால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது.

அரசு ஊழியர்களுக்குக் கயிறு குட்டை. நடத்தை விதிகள் கட்சி அரசியலையும் அரசின் கொள்கையை விமர்சிப்பதையும் தடுக்கின்றன. அரசு ஊழியர் என்பதாலேயே பேச்சுரிமை போய்விடாது என்று 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அதை நம்பி இறங்கினால், விளக்கம் கேட்டு வரும் மெமோவுக்கு முதலில் நீங்கள்தான் பதில் எழுத வேண்டியிருக்கும்.

தேர்தல் நாளில் வாக்கு இயந்திரத்தோடு செல்ஃபி வேண்டவே வேண்டாம். வாக்கின் ரகசியம் உங்கள் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும் கூட.

கணக்கைப் பூட்டும் வேலையை முதல் பதிவுக்கு முன்பே முடியுங்கள். இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் எண், நண்பர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படம் எல்லாவற்றையும் மறையுங்கள். பழைய பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே அமைப்பில் மாற்றலாம். கூட்டமாக ரிப்போர்ட் அடித்துப் பதிவைத் தூக்கினால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மிரட்டல் வந்தால் பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டோடு அந்தக் கணக்கின் இணைப்பு முகவரியையும் எடுத்து வையுங்கள். ஃபேக் ஐடிக்காரர்கள் பெயரை நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். பெண்கள் எழுதினால் கருத்துக்குப் பதில் வராது, உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தக் கமெண்டுகளை நீக்கும் பொறுப்பை நண்பர்கள் இருவர் ஏற்றுக்கொள்வது பெரிய உதவி.

"66ஏவில் உள்ளே தள்ளிடுவேன்" என்று யாராவது மிரட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு 2015 மார்ச் 24 அன்றே ரத்தானது என்று சொல்லுங்கள். போனில் "ஸ்டேஷனுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றால், எந்தப் பிரிவில் என்று எழுத்தில் கேளுங்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தேவையில்லை என்றால் முறையான நோட்டீஸ்தான் தர வேண்டும், அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் கட்டாயம் போங்கள், வக்கீலோடு.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாலு நாள் முன்பு பதிவில் கேள்வியைப் போடுங்கள். சபையில் அதே கேள்வியை எழுந்து கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றினார்களா இல்லையா என்பதை அன்று இரவே எழுதுங்கள்.