நீண்ட கொம்புள்ள வண்டு கொட்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வண்டின் படம் சுற்றுகிறது. "கொம்பால் கொட்டினால் உயிர் போகும், கண்டதும் எரியுங்கள்" என்று குரல்பதிவும் கூடவே வருகிறது.

தவறு. அவை மணமறியும் உணர்கொம்புகள். இந்த வண்டுக்குக் கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. விரலைக் கொடுத்தால் தாடையால் கடிக்கும், அவ்வளவுதான். பிடித்தால் கேட்கும் கிறீச்சொலி, மார்புப் பகுதிகளை உரசி அது எழுப்புவது.

சரி, என்ன வண்டு? தலைக்குப் பின்னால் செம்மஞ்சளில் சிறுநீரக வடிவப் புள்ளிகள் இரண்டு, பக்கத்துக்கு ஒரு முள், இறக்கை உறையின் தோள்பக்கம் கறுப்பு மணிகள். நீள்கொம்பு வண்டுகளில் பேட்டோசெரா பேரினம் என்று சொல்லலாம். ரூஃபோமாகுலாட்டா இனமாக இருக்கலாம். ஆனால் இதே சாயலில் உறவு இனங்கள் உண்டு. மங்கலான படத்தை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது, வண்டையே பார்க்க வேண்டும்.

ரூஃபோமாகுலாட்டாவின் புழு மா, டுரியான் தண்டுகளைக் குடையும். மரத்தடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் கவனியுங்கள்.

தோலைப் புண்ணாக்குவது வேறு வண்டு: எறும்பு போல் ஒல்லியான 'சார்லி'. அதை நசுக்காதீர்கள், நசுக்கினால்தான் பெடரின் நச்சு தோலில் படும். ஊதித் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.