அந்த உடைந்த போன் படத்தைத் தாண்டி ஒரு சாடியோ மானே இருக்கிறார்

மறுபடியும் அந்த ஃபார்வர்டு வந்துவிட்டது. கண்ணாடி விரிசல் விட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு சாடியோ மானே நடந்துவரும் படம். கீழே, பத்து ஃபெராரி எனக்கெதற்கு என்று ஒரு வசனம். குடும்ப குரூப்பில் பெரியப்பா போட்டிருந்தார். "இவர் யாருன்னு தெரியுமா பெரியப்பா?" என்று கேட்டேன். "ஆப்பிரிக்காவுல ஏதோ ஃபுட்பால் பிளேயர்ப்பா, தங்கமான மனுஷன்" என்றார்.

தங்கமான மனுஷன்தான், மறுக்கவில்லை. ஏழு வயதில் அப்பாவை இழந்தவர். அப்போது செனகலின் தெற்கே அவர் பிறந்த பாம்பாலி கிராமத்தில் மருத்துவமனை கிடையாது. பிற்பாடு தன் பணத்தில் அங்கே பள்ளிக்கூடம் கட்டினார், மருத்துவமனையும் கட்டினார். ஆனால் அந்தப் பணம் அவருக்கு எந்த வேலையில் வந்தது? அதைப் பற்றி அந்த ஃபார்வர்டில் ஒரு வரி இல்லை. எனக்கு வருத்தமே அங்கேதான். ஐரோப்பிய வீரர் என்றால் அவர் போட்ட கோலைப் பேசுகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்றால் வறுமையையும் நல்ல மனசையும் மட்டும் பேசி முடித்துவிடுகிறோம்.

2019 மார்ச், மியூனிக். மானே அப்போது இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில், எதிரே பேயர்ன் மியூனிக். பின்னாலிருந்து சக வீரர் வான் டைக் தூக்கிப்போட்ட நீளமான பந்து. ஓடிக்கொண்டே முதல் தொடுதலிலேயே அதை அடக்குகிறார் மானே. பேயர்ன் கோல் கீப்பர் நோயர் கோலை விட்டு வெளியே வந்துவிட்டார். கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் மானே சட்டென்று ஒரு சுற்று சுற்றுகிறார். நோயர் ஒரு பக்கம், இவர் மறுபக்கம். இடது காலால் மெதுவாகத் தூக்கிவிட்ட பந்து, ஓடிவந்த தடுப்பாட்டக்காரர்களுக்கு மேலே போய் வலையில் விழுகிறது. ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்த சீசன் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 22 கோல், ஒன்றுகூட பெனால்டி இல்லை.

லிவர்பூலுக்கு வந்து சேர்ந்த வழியும் லேசானதல்ல. செனகல் தலைநகர் டக்காரில் ஜெனரேஷன் ஃபுட் அகாடமி, அங்கிருந்து பிரான்ஸின் மெட்ஸ் கிளப். அவர் போய்ச் சேர்ந்த சீசனிலேயே மெட்ஸ் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அப்புறம் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க், 2014இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 நொடியில் ஹாட்ரிக் அடித்தது அங்கேதான். பிறகு லிவர்பூலில் ஆறு வருடம், 120 கோல்.

ஆனால் என்னைக் கேட்டால், அவரை அறிய பார்க்க வேண்டிய ஆட்டம் இதில் எதுவும் இல்லை. 2022 பிப்ரவரி 6, கேமரூன் தலைநகர் யாவுண்டே, ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம், செனகலும் எகிப்தும். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கியது. செனகல் அதுவரை அந்தக் கோப்பையை வென்றதே இல்லை. 2002 இறுதியில் பெனால்டியில் தோற்றார்கள். அன்று கடைசி பெனால்டியைத் தவறவிட்ட கேப்டன் அலியூ சிஸ்ஸேதான் 2022இல் பயிற்சியாளர். மானேவுக்கும் பழைய காயம் உண்டு. 2017 காலிறுதியில் கேமரூனுக்கு எதிராக அவர் பெனால்டி தடுக்கப்பட்டுத்தான் செனகல் வெளியேறியது.

ஏழாவது நிமிடத்தில் செனகலுக்குப் பெனால்டி. மானே அடிக்கிறார், எகிப்து கீப்பர் கபாஸ்கி தடுத்துவிடுகிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கப்புறம் கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம், யாருக்கும் கோல் இல்லை. வெற்றியைத் தீர்மானிக்க இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் பெனால்டி உதைகள். ஐந்தாவது ஆளாக, போட்டால் கோப்பை என்ற நிலையில், நடுக்கோட்டிலிருந்து நடந்து வருகிறார் மானே. அதே கபாஸ்கி. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வந்தார், அடித்தார், வலைக்குள் போனது. அடுத்த நொடி சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார் பாருங்கள், அந்த அதிகாலையில் நான் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

பெரியப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறேன். கூடவே இன்னொன்றும். சரியாக 51 நாள் கழித்து, உலகக் கோப்பைத் தகுதிக்காக செனகலின் டயம்நியாடியோவில் நடந்த ஆட்டம். மறுபடியும் எகிப்து, மறுபடியும் பெனால்டி. வெற்றியைத் தீர்மானித்த கடைசி உதை மறுபடியும் மானேதான். அதையும் போட்டார்.