ஐஸ் தண்ணீர் குடித்தால் குடலில் கொழுப்பு உறையுமா?

“சாப்பிட்டதும் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் உணவிலுள்ள எண்ணெய் உறைந்து குடலில் படியும், பிறகு புற்றுநோயாக மாறும்” என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உருகிவிடும். சுமார் 25 டிகிரி இருந்தாலே அதற்குப் போதும். நம் வயிற்றுக்குள் எப்போதும் 37 டிகிரி. ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரும் உள்ளே போன சற்று நேரத்தில் உடல் சூட்டுக்கு வந்துவிடும்.

சரி, உறைந்தே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டுக்கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, உடல் சூட்டிலும் அது முழுதாக உருகாது. அப்படியும் மட்டன் குழம்பு நமக்குச் செரிக்கிறதே! காரணம், கொழுப்பைச் செரிப்பது சூடு அல்ல, பித்தநீர். கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேர்ந்திருக்கும் இந்த நீர், எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைச் சிறுகுடலில் செய்கிறது. கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக்குகிறது. அப்புறம் கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் நொதி அவற்றை உடைக்க, குடல் உறிஞ்சிக்கொள்கிறது.

‘படிந்துவிடும்’ என்பதும் தவறு. குடலின் உட்புறச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கின்றன. சுவரே நிலையாக இல்லாத இடத்தில் படிவது எங்கே?

உணவுக்குழாய்த் தசைக் கோளாறு உள்ள சிலருக்குக் குளிர்ந்த நீர் நெஞ்சுவலி தரலாம். அவர்கள் மட்டும் தவிர்க்கட்டும்.