தனித்துவத்தைக் காக்க வேண்டியது தரவுத்தளம்தான்

ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கணக்குதான் இருக்க வேண்டும் என்ற விதியை இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பில் ஒற்றை வரியில் எழுதிவிடலாம். அந்த வரியை மாடலில் (ஒரு வகைத் தரவையும் அதன் விதிகளையும் விவரிக்கும் நிரல் பகுதியில்) சேர்த்ததும் வேலை முடிந்ததாகக் கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. புதிதாக வருபவர்களுக்கும் அப்படியே கற்றுக்கொடுக்கிறோம். இதை மாற்றியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாடலில் எழுதும் சரிபார்ப்பு, பயனருக்குப் புரியும் பிழைச்செய்தியைக் காட்டுவதற்கு உரியது. ஒரே தரவு இரண்டு முறை பதிவாகாமல் காப்பது தரவுத்தளத்தில் இருக்கும் யுனிக் இண்டெக்ஸின், அதாவது ஒரே மதிப்பு இரண்டாம் முறை வந்தால் மறுக்கும் அமைப்பின், பொறுப்பு.

காரணம் எளிது. ரெயில்ஸின் சரிபார்ப்பு, சேமிப்பதற்கு முன் தரவுத்தளத்திடம் "இந்த மதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா?" என்று ஒரு வினவலை அனுப்புகிறது, இல்லை என்று பதில் வந்தால், அடுத்த வினவலில் புதிய வரிசையை (அட்டவணையில் ஒரு பதிவை) சேர்க்கிறது. இந்த இரண்டு வினவல்களுக்கும் இடையே உள்ள நொடித்துளியில் வேறொரு கோரிக்கை அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைப் பெற்றுவிட்டால், இரண்டுமே சேமிக்கப்பட்டுவிடும். பயனர் பொத்தானை இருமுறை அழுத்துவதும், இணைப்பு தடுமாறும்போது கைபேசிச் செயலி அதே கோரிக்கையை மீண்டும் அனுப்புவதும் இதற்குப் போதும். டிரான்சாக்‌ஷனுக்குள் (முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் ரத்தாகும் வினவல்களின் தொகுப்புக்குள்) எழுதுவதால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இயல்பாக இயங்கும் நிலையில், இன்னும் உறுதிசெய்யப்படாத மற்றொரு டிரான்சாக்‌ஷனின் வரிசை கண்ணுக்கே தெரியாது என்பதால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. ரெயில்ஸின் சொந்த ஆவணமே இந்த ஆபத்தை விரிவாக விளக்கி, யுனிக் இண்டெக்ஸ் சேர்க்கும்படி சொல்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன், செயலியின் புத்திசாலித்தனம் முழுவதும் ஓரிடத்தில், அதாவது மாடல்களில், இருக்க வேண்டும் என்றும், தரவுத்தளம் வெறும் சேமிப்பிடமாக இருந்தால் போதும் என்றும் 2005-இல் வாதிட்டார். ஒரு தரவுத்தளத்தை ஒரே செயலி மட்டும் பயன்படுத்தும் என்ற எண்ணத்தில் அந்த வாதத்துக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. ஆனால் ஒரே செயலியே பல செயல்முறைகளாக, பல இழைகளாக ஒரே நேரத்தில் ஓடும்போது, அவற்றுக்கெல்லாம் பொதுவான இடம் தரவுத்தளம் ஒன்றுதான். பீட்டர் பெய்லிஸும் உடன் ஆய்வாளர்களும் 67 திறந்தமூல ரெயில்ஸ் செயலிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றை எழுதியவர்கள் டிரான்சாக்‌ஷன்களைவிட மாடல் மட்டத்துச் சரிபார்ப்புகளையும் உறவு அறிவிப்புகளையும் 37 மடங்குக்கும் மேலாகப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. சரிபார்ப்பு மட்டும் இருந்த சோதனைகளில் இரட்டைப் பதிவுகள் குறைந்தன, மறையவில்லை.

பைத்தான் மொழியின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோ இந்த விஷயத்தில் சரியான வழியைத் தேர்ந்திருக்கிறது என்பேன். அதில் ஒரு புலத்தைத் தனித்துவமானது என்று அறிவித்தால், மைக்ரேஷன் (தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் நிரல்) ஓடும்போது தரவுத்தளத்திலும் அந்தக் கட்டுப்பாடு உருவாகிவிடும். ஃபாரின் கீயும் (வேறொரு அட்டவணையின் வரிசையைச் சுட்டும் கட்டுப்பாடும்) அப்படியே. ரெயில்ஸில் அதை நாம் தனியாக எழுத வேண்டும். எழுதிய பின் இன்னொரு கடமையும் இருக்கிறது: இண்டெக்ஸ் மறுக்கும்போது எழும் பிழையைப் பிடித்து, "இந்த முகவரியில் ஏற்கெனவே கணக்கு உள்ளது" என்ற அதே செய்தியைப் பயனருக்குக் காட்ட வேண்டும். இல்லையெனில் அவர் காண்பது வெற்றுப் பிழைப்பக்கம்தான்.

இவற்றைவிடக் கடினமான பகுதி, எதற்குள் தனித்துவம் என்று முடிவு செய்வது. ஒரு பல்கலைக்கழகச் செயலியில் மாணவர், பாடம் என்ற இரண்டு மாடல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மாணவர் பல பாடங்களில் சேர்வார். ஒரு பாடத்தில் பல மாணவர்கள் சேர்வார்கள். இரண்டையும் இணைக்கும் அட்டவணைக்குத் தனி மாடல் எழுதாமல் விட்டுவிடும் வசதி ரெயில்ஸில் உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த இணைப்புக்குப் பருவம், சேர்ந்த தேதி, மதிப்பெண் என்று சொந்தத் தகவல்கள் வந்தே தீரும். ஆகவே 'சேர்க்கை' என்ற தனி மாடலாக அதை முதலிலேயே அமைப்பது நல்லது. இப்போது, மாணவர் எண்ணும் பாட எண்ணும் சேர்ந்த இணை திரும்ப வரக் கூடாது என்று இண்டெக்ஸ் போட்டால், பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அரியர் வைத்த மாணவர் அடுத்த பருவத்தில் அதே பாடத்துக்கு மீண்டும் பதிவு செய்ய வரும்போது அந்த இண்டெக்ஸ் அவரைத் தடுத்துவிடும். மாணவர், பாடம், பருவம் மூன்றும் சேர்ந்ததே உண்மையான விதி. அதை நிரலாளர் தனியாக ஊகிக்க முடியாது. தேர்வுப் பிரிவு அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தப் பருவம் என்ற புலம் காலியாக இருக்க அனுமதித்தால், இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளமும் ஒரு NULL மதிப்பை (காலிப் புலத்தை) இன்னொரு NULL மதிப்புக்குச் சமமாகக் கருதுவதில்லை என்பதால், பருவம் குறிப்பிடாத இரட்டைப் பதிவுகள் எத்தனை வேண்டுமானாலும் உள்ளே வரும். 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15, அவற்றைச் சமமாகக் கருதும்படி கேட்கும் வசதியைத் தந்தது. இருந்தாலும் புலத்தையே கட்டாயமாக்குவதுதான் தெளிவான தீர்வு.

தமிழில் பெயர்களைச் சேமிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் இண்டெக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். சேமிக்கும் முன் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெளரி' என்று தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சியாலும் அதைச் சரிசெய்ய இயலாது, ஏனெனில் யூனிகோடின் பார்வையில் அது உண்மையிலேயே வேறு சொல். எனவே தமிழ்ப் பெயரை அடையாளமாக வைத்துத் தனித்துவ விதி எழுதுவதை நான் எதிர்க்கிறேன். சேர்க்கை எண் போன்ற ஒன்றே அதற்குத் தகுந்தது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் இண்டெக்ஸைச் சேர்க்க முனைபவர்கள், முதலில் இரட்டைப் பதிவுகளைக் குழுவாக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் மைக்ரேஷன் தோற்கும். எந்த வரிசையை வைத்துக்கொள்வது, மதிப்பெண்ணை எதிலிருந்து எடுப்பது என்பதை அந்தத் தரவுக்கு உரியவர்களே சொல்ல வேண்டும். பெரிய அட்டவணையாக இருந்தால், அதில் தரவு எழுதப்படுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸை உருவாக்கும் வசதி போஸ்ட்கிரெஸில் உண்டு. ஆனால் அது பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அட்டவணையிலேயே தங்கிவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.