மும்பை காஞ்சன்ஜங்கா: மூலையில் இருப்பது பாதியில் நின்ற வீடுகள் அல்ல

மும்பை கம்பாலா ஹில்லில் உள்ள காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியின் படத்தைப் போட்டு, "பணம் போதாமல் மூலை வீடுகளைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. மூலைகளில் தெரியும் அந்த இடைவெளிகள், கட்டடத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வேண்டுமென்றே வரைந்தவை, இரண்டு மாடி உயரத் திறந்த தாழ்வாரங்கள். மும்பையில் கடல் காற்றும் காட்சியும் மேற்கே, ஆனால் மாலை வெயிலும் பருவமழையும் அதே பக்கம்தான் அடிக்கும், அதனால்தான் பழைய பங்களாக்களில் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் வைத்தார்கள். அதையே அவர் உயரக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார், எவ்வளவு அழகான யோசனை! 1983-இல் முடிந்த கட்டடம் இது. சந்தேகமிருந்தால் சார்லஸ் கொரியா அறக்கட்டளையின் தளத்தில் வரைபடத்தைப் பாருங்கள், மூலைத் தாழ்வாரம் தெளிவாகத் தெரியும். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.