மாமண்டூர்த் தாமிரமும் கடலூர்ச் செம்மணலும்

பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் தாமிரமும் வெள்ளியும் கிடைப்பதாக எழுதியுள்ள கட்டுரையாளர், அதே கனிமங்கள் கடலூர்க் கரை வரை நீளக்கூடும் என்று முடித்திருப்பது சரியன்று. (காஞ்சிபுரம் அருகே பல்லவர் குடைவரைகள் உள்ள மாமண்டூர் வேறு.) எங்கள் கடலூர்ப் பக்கம் கிணறு வெட்டினால் வருவது செம்மணற்கல், திருவக்கரையின் கல்மரங்களை, அதாவது கல்லாகிப்போன மரங்களைத் தாங்கி நிற்பதும் அந்தப் படிவுதான். மாமண்டூர்ப் பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய சார்னோகைட் என்னும் பாறை நிலத்தைச் சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு பாறைகள் என்பதால், அங்குள்ள தாது எங்கள் மணற்கல்லிலும் நீளும் என்று கொள்ள இயலாது.

அங்கே முதன்மையானது தாமிரமன்று, துத்தநாகம். ஈயமும் தாமிரமும் அதனுடன் வருபவை. வெள்ளி இத்தகைய தாதுக்களில் பெரும்பாலும் ஈயத் தாதுவான கலீனாவுக்குள் சிறிதளவே ஒளிந்திருக்கும். தாமிரத் தாதுவான சால்கோபைரைட்டைப் புதிதாக உடைத்தால் பித்தளை மஞ்சளாக மின்னும். காற்றுப்பட்டுச் சில காலம் கழிந்தால் மயிற்கழுத்து நிறம் ஏறும். நிலத்தின் மேலே தெரிவது பெரும்பாலும் துருப்பிடித்த இரும்புக் கல்லும், எங்கேனும் ஒரு பச்சைக் கறையும் மட்டுமே.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அங்கே துளையிட்டுப் பார்த்ததற்கும் காரணம் உண்டு. சல்பைடுத் தாது, அதாவது கந்தகத்துடன் சேர்ந்த உலோகத் தாது, நிலத்தில் தானாக எழுப்பும் மின்னழுத்தத்தை மேலிருந்தே அளக்கலாம் என்றாலும், பென்சிலில் உள்ள கரியான கிராஃபைட்டும் அதே குறியைக் காட்டும். மாமண்டூர்ப் பாறையில் கிராஃபைட்டும் கலந்திருக்கக்கூடும் என்பதால், துளைக்கருவி எடுத்துவரும் பாறைத் தண்டைக் கண்ணால் பார்க்காமல் எதையும் உறுதி செய்ய இயலாது.